ஜன்னலோரத்து மிளகாய்

 

திருமணமாகிக் கணவருடன் இங்கிலாந்திற்குக் குடிபெயர்ந்த நம் பெண்மக்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி இடம்பெறுகின்றது. ஊரில் கிணற்றடியில் தானாக முளைத்துக் காய்த்துக் குலுங்கிய மிளகாய், அங்கே எவ்வளவு பேணினாலும் பூவோடு நின்றுவிடுகின்றதே, ஏன் என்பதே அக்கேள்வி. கேட்பது என்னவோ மிளகாயைப் பற்றித்தான். ஆயினும், மாலை நான்கு மணிக்கே இருண்டுவிடும் டிசம்பர் மாதத்தில், கணவர் பணியிலிருந்து திரும்பும் வரை நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கும் ஒரு பெண்ணின் மனமும் அக்கடிதங்களில் தெரிகின்றது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அச்சகோதரிகளுக்கே ஒதுக்குகின்றேன்.

சுருங்கச் சொல்வதானால், குளிர் நாட்டில் மிளகாய்க்குப் பற்றாக்குறையாவது உரமோ நீரோ அன்று, காலம்தான். விதை ஊன்றிய நாள் முதல் முதற்காய் பறிக்கும் நாள் வரை நான்கைந்து மாதங்கள் செல்லும். வெயில் வந்துவிட்டதே என்று மே மாதம் விதைத்தால், செடி பூத்துக் காய்க்க முனையும் வேளையில் செப்டம்பர் பிறந்துவிடும். இரவின் வெப்பம் 12, 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மிளகாய்ப் பூ பிஞ்சு பிடிக்காமல் காம்போடு உதிரும். செடியின் மீது குற்றமில்லை. ஆகஸ்டில் கூடை நிறையக் காய் வேண்டுமாயின், விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்; பிப்ரவரியில் விதைத்தாக வேண்டும். அப்பொழுது வெளியே உறைபனி கிடக்கும். வானம் ஈயம் பூசியது போலிருக்கும். இந்நேரத்திலா என்று மனம் தயங்கும். அந்நேரத்தில்தான்!

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 2025ஆம் ஆண்டில் ரமலான் மாதம் மார்ச் முதல் நாளையொட்டித் தொடங்கிற்று. அவ்வாண்டு நோன்புக்கு முன் விதைத்துப் பலன் கண்டவர்கள், தலைப்பிறையை விதைப்புக்கு அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நோன்பு பிறையைப் பின்பற்றி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வரும். மிளகாயோ சூரியனைப் பின்பற்றும் பயிர்.

அடுத்தது விதை. ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி, பெட்டியில் துணிகளுக்கிடையே ஒரு பொட்டலம் விதை வரவழைப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இதை நான் ஆதரிக்க மாட்டேன். மிளகாய் விதையைத் தாவர நலச் சான்றிதழின்றி வெளிநாட்டிலிருந்து கொண்டு வர அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் ஒரு நச்சுயிரி விதையோடு ஒட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்கின்றது. 2019ஆம் ஆண்டில் அது இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. நாம் குடியிருக்கும் நாட்டின் விவசாயிக்கு நம் பொட்டலத்தால் கேடு விளைந்தால், அது அமானிதத்திற்கு அழகாகுமா?

தேவையும் இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. டோர்செட் பகுதியில் மிளகாய் பயிரிடும் ஜாய் மிஷோ, மைக்கேல் மிஷோ தம்பதியர், போர்ன்மத் நகரில் வங்காளதேச மக்களின் கடையொன்றில் நாகா மிளகாயை வாங்கினர். அதன் விதையை முளைக்கச் செய்து, நல்ல செடிகளையே ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, ‘டோர்செட் நாகா’ என்னும் புகழ்பெற்ற காரமிகு வகையை உருவாக்கினர். கடைக்காயே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது! நீங்களும் கடையில் நன்கு சிவந்து பழுத்த காயாகப் பார்த்து விதை எடுக்கலாம். பச்சைக்காயின் விதை முதிர்ந்திராது, முளைப்பது அரிது. கடைக்காய் ஒட்டு ரகமாயின் தாய்க்காயைப் போன்றே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. உறுதி வேண்டுவோர் விதைக் கடைகளில் ‘அபாச்சி’, ‘ஹங்கேரியன் ஹாட் வாக்ஸ்’ ஆகிய வகைகளைக் கேட்டு வாங்கலாம். இரண்டுமே அந்தத் தட்பவெப்பத்தில் காலத்தோடு காய்ப்பவை. முன்னது சட்டியிலேயே வளரும் குட்டைச் செடி. நாகா போன்றவை பழுக்க நெடுநாள் பிடிக்கும். முதலாண்டிலேயே அவற்றிற்கு ஆசைப்பட வேண்டாம். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் குண்டு மிளகாயின் மணம் வேண்டுமென்றால், வற்றலாகக் கடையில் வாங்கிக்கொள்வதே உத்தமம். அது கரிசல் காட்டு வெயிலுக்கென்றே பிறந்தது.

விதை முளைப்பதற்கு ஒளி தேவையில்லை, வெதுவெதுப்பே தேவை. 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம் இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தோன்றும். விதைப்புக்கென விற்கும் மண்கலவையைச் சிறு சட்டியில் நிரப்பி, ஈரமாக்கி, விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே கண்ணாடித்தாளைக் கட்டி, சுடுநீர்க் கொப்பரை இருக்கும் அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஆனால் நாள்தோறும் திறந்து பாருங்கள். முதல் முளை தலைநீட்டிய அன்றே சட்டி வெளிச்சத்திற்கு வந்துவிட வேண்டும். இருளில் இரண்டு நாள் இருந்தாலே நூல் போல நீண்டு சாய்ந்துவிடும்.

வெளிச்சம் என்றவுடன் எந்த ஜன்னல் என்ற கேள்வி எழும். அங்கே குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்வாகவே செல்லும். வடபுற ஜன்னலை எட்டிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் கிப்லா தென்கிழக்குத் திசை. தொழுகைக்கு நீங்கள் முகம் திருப்பும் பக்கத்து ஜன்னலே செடிக்கும் ஏற்ற ஜன்னல் என்று நினைவில் கொள்ளலாம். செடி ஒளியை நோக்கிச் சாயும். அன்றாடம் சட்டியைச் சற்றே திருப்பி வையுங்கள். இரவில் திரையை மூடும்பொழுது, சட்டி கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் சிக்கிக்கொள்ளக் கூடாது. அவ்விடைவெளியில் இரவுக் குளிர் குடியேறிவிடும். திரைக்கு உட்புறமாக எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் நாற்றுகளில் பாதி இந்த ஒரு நிமிடத்தில்தான் பிழைக்கின்றன.

பத்து விதை ஊன்றினால் ஏழெட்டு முளைக்கும். உங்கள் ஜன்னலோ மூன்று சட்டிகளுக்குத்தான் இடம் தரும். மீதியைக் களைந்து எறியாதீர்கள். அண்டை வீட்டாரின் கதவைத் தட்டி ஒரு நாற்றைக் கொடுங்கள். ஓராண்டாகத் தலையசைப்போடு நின்றுவிட்ட பழக்கம், “உங்கள் செடி பூத்துவிட்டதா?” என்ற பேச்சுக்கு வந்துவிடும். மொழி சரளமாக வராத சகோதரிகளுக்கு இதைவிட எளிதான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சோடி மெய்யிலைகள் வந்ததும் தனித்தனிச் சட்டிகளுக்கு மாற்றுங்கள். வேர் சட்டியை நிறைக்குந்தோறும் ஒரு படி பெரிய சட்டி. முடிவில் இருபது சென்டிமீட்டர் அகலம் போதும். எடுத்த எடுப்பிலேயே பெரிய சட்டியில் வைத்தால் மண் காயாமல் வேர் அழுகும். குளிர் நாட்டு மிளகாயைக் கொல்வது பெரும்பாலும் தாகமன்று, நம் அன்பு மிகுந்த கைகள் ஊற்றும் தண்ணீரே! மேல்மண் உலர்ந்த பின்னரே ஊற்றுங்கள். பூ கண்ட பிறகு, தக்காளிக்கென விற்கும் சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதுமானது. மே மாத இறுதி வரை உறைபனி அச்சம் உண்டு. ஜூன் பிறந்ததும் பகலில் வெளியே, இரவில் உள்ளே எனப் பழக்கிய பின்னரே தோட்டத்தில் விடலாம்.

ஜன்னலுக்குள்ளேயே பூக்கும் செடிக்குத் தேனீயும் காற்றும் இல்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். அல்லது நண்பகலில் கிளையை விரலால் தட்டி அசையுங்கள். இலையடியில் அசுவினி கண்டால் சோப்புக் கரைசலால் துடைத்துவிடுங்கள். குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் சட்டி இருக்கட்டும்.

நோன்புக் கஞ்சிக்கும் ஆனத்திற்கும் சொந்தச் செடியின் காயைக் கிள்ளிப்போடும் மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். மிளகாயின் காரம் நீரில் எளிதில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். காய் நறுக்கிய கையோடு உளூச் செய்யச் சென்றால் கண்ணும் முகமும் எரிந்துவிடும். முதலில் கையில் சிறிது சமையலெண்ணெய் தடவித் தேய்த்து, பின்பு சோப்பிட்டு நன்கு கழுவி, அதன் பிறகு உளூச் செய்யுங்கள். மிஞ்சிய காய்களை அப்படியே உறைபெட்டியில் வைத்துவிடலாம். ஈரம் மிகுந்த அவ்வூரில் வெயிலில் உலர்த்த முயன்றால் பூஞ்சணம் பூக்கும்.

அக்டோபர் வந்ததும் பலர் செடியைப் பிடுங்கிக் குப்பையில் இடுகின்றனர். வேண்டாம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியே நம் நாட்டிற்கு வந்த மிளகாய், உண்மையில் பல்லாண்டு வாழும் குறுஞ்செடி. ஓராண்டுப் பயிராக அதை நடத்துவது நம் பழக்கமே. காய்களைப் பறித்துவிட்டு, ஒரு சாண் உயரத்திற்குக் கிளைகளைக் கத்தரித்து, வெளிச்சமுள்ள, பத்து டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் வைத்து, மண் முற்றிலும் வறண்டுவிடாத அளவிற்கு மட்டும் நீர் தெளியுங்கள். இலைகள் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்றே எண்ணத் தோன்றும். நகத்தால் பட்டையை இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கின்றது. எல்லாச் செடிகளும் பிழைக்குமென்று சொல்வதற்கில்லை. பிழைத்தவை, இன்ஷா அல்லாஹ், மார்ச் மாதத்தில் கணுக்களில் துளிர்க்கும். புது மண்கலவைக்கு மாற்றினால் அவ்வாண்டு விதைத்த நாற்றுகளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே பூத்துவிடும்.

கறிவேப்பிலைக் கன்று இலையுதிர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்த சகோதரிகளுக்கு, இறைவன் நாடினால், அடுத்த இதழில் எழுதுகின்றேன். அதுவரை அதற்குத் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். வஸ்ஸலாம்.