மரியாதை யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்னடத்தை போதிக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. எதை நன்னடத்தை என்று போதிப்பது என்பதே கேள்வி. உபாத்தியாயர் வந்தால் எழுந்து நிற்பது, பெரியோரைக் கைகூப்பி வணங்குவது, எதிர்த்துப் பேசாமலிருப்பது, இவற்றையே நம்மவர் நெடுங்காலமாக மரியாதை என்று சொல்லி வருகின்றனர். இவை வேண்டியவையே. ஆனால் இவை யாவும் கீழேயிருப்பவன் மேலேயிருப்பவனுக்குச் செலுத்தும் மரியாதை. சமமானவனிடத்தும் எளியவனிடத்தும் எவ்வாறு நடந்துகொள்வது என்ற பாடம் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

அதன் விளைவை 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் கண்டோம். தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். இதன்பின் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு மணி நேரம் அறநெறி வகுப்பு நடத்த வேண்டும் என்பன அதன் யோசனைகளில் சில. கயிற்றை ஓர் உத்தரவால் அவிழ்த்துவிடலாம். மனத்தில் விழுந்த முடிச்சை அவிழ்ப்பது அந்த வகுப்பின் பொறுப்பாகும்.

பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை நடுநிலைப் பள்ளியில் படிகிற பழக்கமே பின்னர் குணமாக உறைகிறது. உபாத்தியாயர் முன் கைகட்டி நிற்கும் பையன், அவர் அப்பால் சென்றதும் பக்கத்திலிருப்பவனை ஜாதிப் பட்டம் சொல்லி அழைப்பானாயின், அவனிடம் இருப்பது அச்சமேயன்றி மரியாதையன்று. பிரம்பு மறைந்தால் அச்சமும் மறையும்.

பந்தியில் உடன் உட்காருவதும் பாடத்தில் சேர்ந்ததே. சேரன்மாதேவிக் குருகுலத்தில் தேசபக்தியும் தமிழ்ப்பற்றும் கற்பிக்கப்பட்டன. வ. வே. சு. ஐயரைப் போன்ற தியாகி அதனை நடத்தினார். எனினும், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு என்ற ஒரே காரணத்தால் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி மாகாணத்தையே கலக்கியது. காங்கிரஸும் அதனால் பிளவுபட்டது. வகுப்பில் ஆயிரம் உபதேசம் செய்தாலும் பந்தியில் பேதம் காட்டினால் பிள்ளை பந்தியின் பாடத்தையே கற்றுக்கொள்ளும். 1956 இல் காமராஜர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982 இல் வந்த சத்துணவும், 2022 இல் தொடங்கிய காலை உணவும் பசியைத் தீர்ப்பதோடு சமபந்தியையும் தந்திருக்கின்றன. அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

ஆகவே அறநெறி வகுப்பு மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் வகுப்பாகிவிடக் கூடாது. தோழனைப் பெற்றோர் இட்ட பெயராலேயே அழைத்தல். பிறர் பொருளைக் கேளாமல் தொடாதிருத்தல். திக்கிப் பேசுகிறவனையும் தவறாக விடை சொன்னவனையும் பார்த்து நகையாதிருத்தல். தண்ணீர்க் குழாயண்டை முறை தவறாது நிற்றல். பந்தியில் அடுத்திருப்பவன் யார் என்று பாராமல் உட்காருதல். சமைத்துப் போடும் ஆயாவையும் கூட்டிப் பெருக்குகிறவரையும் ‘நீங்கள்’ என்று பேசுதல். தவறு செய்தால் பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கக் கூசாதிருத்தல். இவற்றை நாள்தோறும் செய்து பழக வேண்டும்.

பாடங்களுக்கே நேரம் போதவில்லை என்று சில உபாத்தியாயர்கள் சொல்லக்கூடும். இதற்குத் தனி நேரம் அதிகம் வேண்டியதில்லை. உபாத்தியாயர் தாமே பையன்களை இழிசொல் சொல்லாமலும், ஒரு சிலரை மட்டும் பெருக்கவும் கழுவவும் ஏவாமலும் இருந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது. வாசலில் வந்து நிற்கும் தொழிலாளியைத் தந்தை ஒருமையில் அழைக்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மேடையில் சமத்துவம் பேசும் நம் அன்பர்களும் இதைக் கவனிப்பார்களாக. பிரஜைகள் யாவரும் சமம் என்று அரசியல் சட்டம் சொல்லுகிறது. அச்சட்டம் உயிர் பெறுவது ஒரு சிறுவன் தன் பக்கத்தில் உட்கார மற்றொரு சிறுவனுக்கு மனமுவந்து இடம் விடும்போதுதான்.