இடிமுழங்கும் புகையும் இல்லறத்தின் உரிமையும்



கணவனும் மனைவியும் மட்டும் மூன்று நாள் வெளியூர் சென்று வந்தால், அதை வீண் செலவு என்றும் அந்நியர் பழக்கம் என்றும் கூறுவோர் நம் மஹல்லாக்களில் உண்டு. நாங்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஏப்ரல் மாதம் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் ஓர் அருவியின் முன் நின்று திரும்பியபின் அவ்வெண்ணம் மாறியது. ஏன் மாறியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எம் துணைவியாரின் மூத்த சகோதரர் ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் பணிபுரிகிறார். அவருடைய மகளின் நிக்காஹ்வுக்காகச் சென்றிருந்தோம். விருந்துகள் முடிந்த மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மாப்பிள்ளை, இந்த இருபத்திரண்டு வருஷத்துல தங்கச்சியை எங்கேயாவது அழைச்சுட்டுப் போயிருக்கீங்களா?" எண்ணிப் பார்த்தோம். திருமண வீடு, மருத்துவமனை, ஜனாஸா. இவற்றைத் தவிர வேறு பயணம் நினைவில் வரவில்லை. அடுத்த நாளே லிவிங்ஸ்டன் நகருக்குப் பேருந்தேறினோம்.

உலகம் விக்டோரியா அருவி என்றழைக்கும் இடம் அது. 1855ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு வந்த டேவிட் லிவிங்ஸ்டன், தம் நாட்டு அரசியின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆனால், அம்மண்ணின் மக்கள் அதற்கு முன்பே அதை மோசி ஓவா துன்யா என்று அழைத்து வந்தனர். 'துன்யா' என்றதும் நம் செவிக்கு இவ்வுலகமே நினைவுக்கு வரும். அவர்கள் மொழியிலோ அது முழக்கத்தைக் குறிக்கும் சொல். 'இடிமுழங்கும் புகை' என்பதே முழுப்பெயரின் பொருள். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடிவரும் ஜாம்பெசி ஆறு, ஏறக்குறைய 1,700 மீட்டர் அகலத்துக்கு விரிந்து, நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு குறுகிய பிளவுக்குள் ஒருசேர விழுகிறது. விழுந்த நீர் திவலைகளாகி மேலெழுவதைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே புகைபோலக் காணலாம். 1989இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஏப்ரலில் ஆறு நிறைந்தோடும். அக்டோபர், நவம்பரில் சென்றால் ஜாம்பியப் பக்கத்தில் வெறும் பாறைச் சுவரே பெரும்பாலும் தெரியும் என்றார்கள். நாங்கள் சென்றபோது நிலைமை நேர்மாறானது. நீரின் மிகுதியால் அருவியையே காண முடியவில்லை. எங்கும் வெண்மை. பிளவின் எதிர்க்கரையிலுள்ள நடைபாலத்தில் கால் வைத்ததும் கீழிருந்து மேல்நோக்கி மழை பெய்தது. வாடகைக்கு எடுத்த மழையங்கியையும் மீறித் துணைவியாரின் பர்தா நனைந்து கனத்தது. கைபேசியை உறையிலிட்டுப் பையின் அடியில் வைக்க நேர்ந்தது. தரை வழுக்கியதால் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டே நடந்தோம். பேரிரைச்சலில், காதருகே குனிந்து சொன்னால்தான் எதுவும் கேட்டது. சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர இருவருக்கும் வேறு சொல் வரவில்லை.

அன்று மாலை விடுதி முற்றத்தில் ஈரத்துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "உம்மா மவுத்தானப்ப, ஸபுர் செய்யின்னு சொல்லிட்டு நீங்க மதரஸாவுக்குப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் உம்மாவைப் பத்தி நாம பேசவே இல்லை."

அதில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. உம்மா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கணவன் மனைவியின் கடமைகளை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம். பிணங்கி வரும் தம்பதியரை அமரவைத்து அறிவுரையும் கூறுகிறோம். எம் இல்லத்திலேயே ஒரு துக்கம் ஒன்பதாண்டுகள் காத்திருந்ததை அறியவில்லை. அன்றிரவு வெகுநேரம் உம்மாவைப் பற்றியே பேசினோம்.

"அந்தப் பணத்தில் உம்ரா செய்திருக்கலாமே" என்று ஊரில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உம்ராவின் சிறப்புக்கு எதுவும் ஈடாகாது. ஆனால், ஓர் இபாதத்தைக் காட்டி மற்றொரு ஹக்கை மறுக்க மார்க்கம் நமக்கு இடமளிக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் பயணத்தின்போது இரவில் ஆயிஷா (ரலி) அவர்களோடு உரையாடியபடியே சென்றதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பயணமொன்றில் அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் படிக்கிறோம். ஓர் உம்மத்தின் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கே இதற்கு நேரம் இருந்தது. நேரமில்லை என்று சொல்ல நாம் யார்?

மார்க்கத்தைப் பேணுவதில் அப்பயணம் எவ்விதத் தடையும் தரவில்லை. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை பயணிகளுக்காகவே தரப்பட்டது. ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாங்கள், அங்கே வடக்கில் சற்றுக் கிழக்காகத் திரும்பித் தக்பீர் கட்டினோம். திசை எதுவாயினும் கஅபா ஒன்றே என்பதை உடலால் உணர்ந்த தருணம் அது.

இதற்காக எல்லோரும் ஆப்பிரிக்கா செல்ல வேண்டும் என்பதில்லை. கடன் வாங்கிச் செல்வது கூடவே கூடாது. பக்கத்து ஊர்க் கடற்கரையோ ஆற்றங்கரையோ போதும். ஒரு பகல் போதும். கைபேசியைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். உங்கள் துணையிடம், "உன் மனதில் சொல்லாமல் வைத்திருப்பது என்ன?" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கிடாமல் செவிமடுங்கள். ஸபுர் செய் என்று சொல்வதற்கு முன் அழ இடம் கொடுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.