மோல் சுமையா?

வினைபடு பொருள்களின் எடை விகிதங்களை மனப்பாடம் செய்தால் போதும், துகள்களை எண்ணிக்கையால் அளக்கும் அலகான மோல் என்பது மாணவர் தலையில் ஏற்றப்படும் அனாவசியச் சுமையே என்ற அபிப்பிராயத்தை என்னால் சிறிதும் ஏற்க இயலவில்லை. 1792-இல் வேதியியலாளர் ரிக்டர் எடைகளை மட்டுமே கொண்டு வினைபடு பொருள்களின் அளவுக் கணக்கைத் தொடங்கினார் என்பது வாஸ்தவமே. ஆனால், அணு எடை என்ற ஞானம் அன்று உதித்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதன்றோ நியாயம்?

அம்மோனியாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன். அதாவது 28 கிராமுக்கு 6 கிராம். இதை நெட்டுருப் போட்டவன், அதே ஹைட்ரஜனை ஆக்ஸிஜனோடு சேர்த்து நீராக்கச் சொன்னால், 4 கிராமுக்கு 32 கிராம் என்று மற்றொன்றை உருப்போட வேண்டும், வினைகளுக்கோ முடிவில்லை. மோலை அறிந்தவனிடம் நைட்ரஜன், ஹைட்ரஜன் இரண்டிலும் பத்துப் பத்து கிராம் கொடுத்துப் பாருங்கள்: எடை சமமாயினும் ஹைட்ரஜன் 5 மோல், நைட்ரஜன் 0.36 மோல்தான் என்று கண்ட மாத்திரத்தில், வினை பூரணமாக நிகழ்ந்தால் முதலில் தீர்வது நைட்ரஜன் என்பதும், ஹைட்ரஜனில் ஏறக்குறைய 7.9 கிராம் மிஞ்சும் என்பதும் அவனுக்குப் பிரத்யட்சமாகும். உருப்போட்டவனும் இவ்விடையை எட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளோடு கூடுவதே அதன் காரணம் என்று சொல்லத் தெரியாமல் வாயடைத்து நிற்பான்.