வேலை வாசல்: மெடிக்கல் கோடிங் - ஃபீஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்!

முகப்பேரில் குடியிருப்பவர்களுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். 1960-களில் தொடங்கப்பட்டு, பட்டறைகளுக்கும் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற இடம். இன்று அதே வட்டாரத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றில் நடப்பது, அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லிங் வேலை. ஆக்செஸ் ஹெல்த்கேர் போன்ற நிறுவனங்கள் இங்கிருந்து இயங்குகின்றன.

இதனால் சுற்றுவட்டாரத்தில் பி.எஸ்சி., பி.ஃபார்ம்., நர்சிங், பிசியோதெரபி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. 'மெடிக்கல் கோடிங் கோர்ஸ்ல சேர்த்துவிடலாமா?' சேர்க்கலாம். ஆனால், அது என்ன வேலை என்று புரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

கோடிங்தான்... ஆனால் கம்ப்யூட்டர் கோடிங் இல்லை!

அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், அவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று டாக்டர் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பை வரிக்கு வரி படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, சிகிச்சைக்கு ஒரு குறியீடு கொடுப்பவர்தான் மெடிக்கல் கோடர். அந்தக் குறியீடுகளைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தரும். தவறினால் க்ளெய்ம் திரும்பி வரும்.

நோய்களைப் பட்டியலிடும் வழக்கம் பழையது. 1893-ல் பிரெஞ்சு நிபுணர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலே இதன் வேர். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. அதன் பத்தாவது பதிப்பைத் தழுவிய 'ஐசிடி-10-சிஎம்' என்ற பட்டியலுக்கு அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ல் மாறியது. அதுவரை சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஒரே நாளில் சுமார் 70,000 ஆயின.

ஏன் இவ்வளவு? வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தால் ஒரு குறியீடு, இடது பக்கம் என்றால் வேறு. முறிவுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் கடைசி எழுத்து 'ஏ'. எலும்பு ஒழுங்காகக் கூடிவருவதைப் பார்க்க வரும் தொடர் விசிட் என்றால் 'டி'.

மனப்பாடம் உதவாது

70,000 குறியீடுகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. புத்தகமும் சாஃப்ட்வேரும் கையில் இருக்கும். தேவைப்படுவது, படித்துப் புரிந்துகொள்ளும் திறமை.

நோயாளி நெஞ்சுவலியோடு வருகிறார். 'மாரடைப்பாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டு, மேல் பரிசோதனைக்கு அனுப்புகிறார் டாக்டர். கோடர் என்ன செய்ய வேண்டும்? புறநோயாளி என்றால் மாரடைப்புக்கான குறியீட்டைக் கொடுக்கவே கூடாது. நெஞ்சுவலிக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால், வராத மாரடைப்பு ஒரு மனிதரின் மருத்துவப் பதிவில் ஏறிவிடும்.

இன்னொன்று. சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. புதியவர் இரண்டையும் தொடர்பில்லாத நோய்களாக எழுதிவிடுவார். ஆனால், 'தொடர்பு இல்லை' என்று டாக்டர் குறிப்பிடாதவரை, சர்க்கரையால் வந்த சிறுநீரக பாதிப்பு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. அதற்கான குறியீடு 'இ11.22'. கூடவே சிறுநீரக நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் தனிக் குறியீடு வேண்டும்.

மருத்துவச் சொற்களிலும் கவனம் தேவை. 'எக்டமி' என்றால் வெட்டி நீக்குவது, 'ஆட்டமி' என்றால் வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' என்றால் புதிதாக ஒரு வழி ஏற்படுத்துவது. காதுக்கு மூன்றும் அண்ணன் தம்பிகள். பில்லில் மூன்றும் வேறு வேறு.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இது போனில் பேசும் வேலை அல்ல. சரளமாகப் பேசுவதைவிட, ஆங்கிலக் குறிப்பை நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்வதே முக்கியம்.

சான்றிதழில் இரண்டு வகை

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பயிற்சி மையம் தருவது கோர்ஸ் முடித்த சான்றிதழ். சர்வதேச அளவில் மதிப்புள்ளது, 'ஏஏபிசி' என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் 'சிபிசி' தேர்வு. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவிகிதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைத் தேர்வு அறைக்குள் கொண்டு போகலாம். அதனால் எளிது என்று நினைக்க வேண்டாம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கும்.

அனுபவம் இல்லாமல் தேறியவரின் பட்டத்தோடு 'ஏ' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். 'இன்னும் பயிற்சி நிலை' என்று அர்த்தம். இரண்டு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால் அதை நீக்கிவிடலாம். அதன் பிறகும் படிப்பு ஓயாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். நோய்க் குறியீடுகள் ஒவ்வொரு அக்டோபரிலும், சிகிச்சைக் குறியீடுகள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகின்றன.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* இந்த ஆண்டுப் புத்தகங்களை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்களா?

* பாடம் எடுப்பவர் சான்றிதழ் பெற்றவரா? கோடிங் வேலையில் இருந்தவரா?

* மருத்துவக் குறிப்புகளை வைத்து எவ்வளவு பயிற்சி உண்டு? தியரி மட்டும் என்றால், பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது.

* சிபிசி தேர்வுக் கட்டணம் இந்த ஃபீஸுக்குள் அடக்கமா, தனியா?

* 'வேலை உறுதி' என்றால், அதை எழுத்தில் தருவார்களா? வேலை கிடைக்காவிட்டால் ஃபீஸ் திரும்ப வருமா?

* அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

சில நிறுவனங்கள் அனுபவமில்லாத பட்டதாரிகளை நேரடியாக எடுத்து, தாங்களே பயிற்சி தருவதும் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அப்படி ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

வேலைக்குள் போன பிறகு

தினமும் இத்தனை ஃபைல் முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும். பொதுவாக 95 சதவிகிதம் துல்லியம் எதிர்பார்ப்பார்கள். நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்ப்பதால் கண்ணும் கழுத்தும் வலிக்கும். நோயாளிகளின் ரகசியத்தைக் காக்க அமெரிக்காவில் 1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டம் இருப்பதால், பல அலுவலகங்களில் மொபைலை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் சீட்டுக்குப் போக முடியும்.

ஏஐ பயமும் இருக்கிறது. எளிய ரிப்போர்ட்டுகளுக்கு சாஃப்ட்வேரே குறியீடுகளைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. பார்த்து டைப் செய்வதோடு நிற்பவருக்கு இது சிக்கல். மெஷின் சொன்னது சரியா என்று விதியோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஆடிட்டர், டிரெய்னர் என்று அடுத்த படிகள் உண்டு.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. ஐசிடி-10-சிஎம் விதிமுறைக் கையேட்டை அமெரிக்க அரசே ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதை டவுன்லோடு செய்து, தினமும் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள்கள் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினோராவது நாளும் பிள்ளை அதைத் தானாகத் திறந்தால் தாராளமாக ஃபீஸ் கட்டலாம். மூன்றாம் நாளே மூடிவைத்துவிட்டால் அந்தப் பணம் வேறு படிப்புக்கு உதவும்.