மலையூர்க்காரர்களின் சந்தேகங்கள்

1320இல் தெற்கு பிரான்ஸில் பாமியே நகர ஆயரின் ஆட்கள் பேயாத்ரிஸ் தெ பிளானிசோல் என்ற விதவையைப் பிடித்து வந்தபோது அவருடைய பையையும் சோதனை போட்டார்கள். பேரப்பிள்ளைகளின் காய்ந்த தொப்புள்கொடிகள், முகம் பார்க்கும் கண்ணாடி, துணியில் சுற்றிய சிறு கத்தி, சாம்பிராணி, மகளின் முதல் தீட்டுக் கறை படிந்த துணி. சூனியக்காரி என்று தீர்ப்பெழுத இதுவே போதும். ஆனால் ஆயர் ஒவ்வொன்றையும் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். பேயாத்ரிஸும் பதில் சொன்னார். ஆண் பேரனின் தொப்புள்கொடியை வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டோம் என்று, ஞானஸ்நானம் பெற்ற யூதப் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சாம்பிராணி தலைவலிக்கு. அந்தத் துணியை நனைத்துப் பிழிந்து மருமகனுக்குக் குடிக்கக் கொடுத்தால், அவன் இன்னொருத்தியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.

கேட்டவர் ஜாக் ஃபூர்னியே. சிஸ்டர்சியன் துறவியாக இருந்து 1317இல் ஆயரானவர். திருச்சபையின் போதனையை மறுத்த கத்தார் என்ற பதிதக் கூட்டத்தின் மிச்சசொச்சத்தைத் தேடி, 1318 முதல் 1325 வரை 370 நாட்கள் அமர்ந்து 578 விசாரணைகளை நடத்தினார். அவரும் அதே ஃபுவா சீமைக்காரர்தான். குடியானவர்கள் பேசிய ஆக்சித மொழி அவருக்குத் தாய்மொழி. இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. எழுத்தர்கள் குறிப்பெடுத்து லத்தீனில் எழுதினார்கள். அந்தப் பதிவேடு இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. 1965இல் ஜான் துவெர்னுவா அதைப் பதிப்பித்தார். பத்தாண்டு கழித்து எமானுவேல் லெ ருவா லதூரி அதை வைத்து எழுதிய நூல், மோந்தையு என்ற சின்னஞ்சிறு ஊரை உலகறியச் செய்தது.

இந்தப் பேச்சு எல்லாமே அச்சத்தில் பிறந்தது என்பதை மறந்துவிட்டு இந்த ஏட்டைப் படிக்கக் கூடாது. 1308இல் கார்க்கசோன் சமய விசாரணை மன்றம் மோந்தையுவில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரையும் ஒரே வீச்சில் கைது செய்திருந்தது. ஃபூர்னியேவின் விசாரணையில் ஐந்து பேர் எரிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். பலர் தண்டனையாகச் சட்டையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு ஊரார் முன் நடமாடினார்கள். பேயாத்ரிஸுக்கும் முதலில் சிறை, 1322இல் விடுதலை, பிறகு மஞ்சள் சிலுவை. ஆனால் ஒன்று. வேறு யாரும் இந்த மனிதர்களிடம் உட்கார்ந்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. தண்டிக்க வந்தவர் கேட்டதால்தான் அவர்கள் குரல் மிஞ்சியது என்பது வேதனையான உண்மை.

மோந்தையு பிரனே மலையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், சுமார் 250 பேர் வாழ்ந்த ஊர். ரொட்டி, முட்டைக்கோஸும் லீக்ஸும் போட்ட சூப், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, பாலாடைக்கட்டி. ஆட்டு மந்தைகள் பருவத்துக்குப் பருவம் மலையேறியும், கட்டலோனியா வரை இறங்கியும் திரும்பும். வெயில் வந்தால் வாசலிலோ தாழ்ந்த கூரையிலோ உட்கார்ந்து பெண்கள் பேன் பார்ப்பார்கள். தாய்க்கு மகள் பார்ப்பாள், காதலனுக்குக் காதலி பார்ப்பாள். பதிதர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற வாதமெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே வீடு. வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல. அடுப்பு, ஆடு, நிலம், குலப்பெருமை எல்லாம் சேர்ந்தது. ஊரின் பெரிய வீட்டுக்காரரான போன்ஸ் க்லேர்க் இறந்தபோது, வீட்டின் அதிர்ஷ்டம் அவரோடு போய்விடாதிருக்க, பிணத்திலிருந்து கொஞ்சம் முடியையும் நகத்தையும் வெட்டி வைத்துக்கொண்டார்கள். அவர் மகன் பியேர் அந்த ஊர்ப் பங்குச் சாமியார். திருப்பலி வைத்தவரும் அவர்தான், பதிதர்களுக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான், பிறகு வேண்டாதவர்களைக் கார்க்கசோனுக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். பேயாத்ரிஸுக்குக் காதலராகவும் இருந்தார். கடைசியில் சிறையிலேயே செத்தார்.

இடைக்கால ஐரோப்பா என்றதும், கோயில் மணி அடித்தால் கேள்வி கேட்காமல் மண்டியிடும் கூட்டம் ஒன்று பலர் கண்முன் வருகிறது. இந்தப் பதிவேடு அந்தப் படத்தை உடைத்துப் போடுகிறது. பக்கத்து ஊர்களிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களில் சிலர் கத்தார்களே அல்ல. படிப்பு வாசனை இல்லாத குடியானவர்கள். அவர்கள் சந்தேகம் புத்தகத்திலிருந்து வரவில்லை; அன்றாடம் கண்ணால் கண்டதிலிருந்து வந்தது. ஓர்னோலாக் ஊரின் கியூமெத் பெனே, சாகிறவர்களின் வாயைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். மூச்சுக்காற்றைத் தவிர வேறெதுவும் வெளியே வரக் காணோம். வாத்தின் கழுத்தை அறுத்தால் ரத்தம் இருக்கும்வரைதான் உயிர் துடிக்கிறது. அப்படியானால் ஆன்மா என்பது ரத்தம்தான் என்று முடிவுக்கு வந்தார். மெர்வியெல் ஊரின் ஓட் ஃபோரே, கோயிலுக்குப் போகும் வழியில், முந்தின இரவு தெருவிலேயே ஒரு பெண் பிரசவித்ததைக் கேள்விப்பட்டார். சாமியார் நற்கருணையை உயர்த்திய நேரத்தில், ஆண்டவரின் உடலும் அப்படிப் பிறப்பின் அழுக்கோடு வந்ததுதானே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அவரால் ஜெபிக்க முடியவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வாக்குமூலங்கள் நெஞ்சைப் பிசைகின்றன. அலசாய்ஸ் முனியே என்ற பெண்ணுக்குக் குறுகிய காலத்தில் நான்கு பிள்ளைகள் போய்விட்டன. அவரைத் தேற்ற வந்த ஊர் அதிகாரி, நீ மறுபடி கருத்தரிப்பாய், அந்த உயிர்களில் ஒன்று உன் வயிற்றுக்கே திரும்பி வரும் என்றார். திருச்சபையின் போதனையில் இதற்கு இடமே இல்லை. துக்கத்துக்கு இடம் கொடுத்தது கத்தார்களின் மறுபிறவிக் கதை.

ஆனால் அதே கத்தார் சமயம் கொடூரமாகவும் இருக்கும். ஆர்க் ஊரின் சிபில் பியேருக்கு ஜாக்கோத் என்ற கைக்குழந்தை, சாகக் கிடந்தது. கத்தார் குரு வந்து கைவைத்து ஆசீர்வதித்தார். இனி இறைச்சியோ பாலோ கூடாது, பட்டினியாகவே போனால் நேரே மோட்சம் என்றார். கணவனுக்கு அதில் பேரானந்தம். குருவும் கணவனும் வெளியே போனதும் சிபில் குழந்தையை எடுத்து மார்பில் அணைத்துப் பால் கொடுத்தார். திரும்பி வந்த கணவன் கொதித்துப் போனான். வெகுநாள் அவளையும் பிள்ளையையும் வெறுத்தான். குழந்தை மேலும் ஓராண்டு உயிரோடிருந்தது. ரோமின் சாமியாரும் சொல்லாத, கத்தார் குருவும் ஒப்பாத ஒரு தர்மத்தை அந்தத் தாய் தானாகவே தேர்ந்துகொண்டார். ஏட்டில் இதைவிடப் பெரிய துணிச்சல் எதுவும் கண்ணில் படவில்லை.

பாமியேவில் ஒரு குருவிடம் வேலை பார்த்த அர்னோ ஜெலிஸின் வேலையே வேறு. செத்தவர்கள் அவரிடம் வந்து பேசினார்கள். தங்களுக்காகத் திருப்பலி வைக்கச் சொல்லி உறவினர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஆவிகள் கோயில் கோயிலாக அலைகின்றன, குளிருக்கு விறகு நிறைய உள்ள வீடுகளில் தங்குகின்றன என்பது அவர் சொன்ன விவரம். தெருவில் கையை வீசி நடக்காதீர்கள், ஆவிகள் இடிபட்டு விழுந்துவிடும் என்றும் எச்சரித்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தின் நெருப்பு இவருடைய கணக்கில் அபூர்வமாகவே வந்தது. ஃபூர்னியே இதையும் பொறுமையாகக் கேட்டு எழுதவைத்தார்.

அந்த ஃபூர்னியேதான் 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார். செத்தபின் ஆன்மா எங்கே போகிறது என்ற கேள்வி அப்போது திருச்சபையின் உச்சியிலேயே சர்ச்சையாகியிருந்தது. அவருக்கு முன்னிருந்த போப்பே அதில் மாட்டிக்கொண்டிருந்தார். 1336 ஜனவரியில் பெனடிக்ட் ஆணை மடல் வெளியிட்டு அதை முடித்துவைத்தார். தூய ஆன்மாக்கள் இறந்தவுடனேயே கடவுளை நேருக்கு நேர் காண்கின்றன, கறை உள்ளவை சுத்தமான பிறகு காண்கின்றன என்பது தீர்ப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை இன்றும் அதுதான்.