குண்டா, நிலநடுக்கமா? பூமி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

2017 செப்டம்பர் 3. வட கொரியாவின் புங்கியே-ரி பகுதியில் 6.3 அளவில் நிலம் அதிர்ந்தது. 'ஹைட்ரஜன் குண்டு சோதித்தோம்' என்று அந்நாட்டு டிவி அறிவிக்கச் சில மணி நேரம் ஆனது. ஆனால் இது இயற்கையான நிலநடுக்கம் இல்லை என்ற பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவும். அதனால் சில திசைகளில் நிலம் தள்ளப்படும், சில திசைகளில் இழுக்கப்படும். குண்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே தள்ளுதான். ஆக, முதலில் வந்து சேரும் பி அலை பலமாக இருக்கும். பக்கவாட்டில் ஆட்டும் எஸ் அலையும், தரையோடு ஊர்ந்து வரும் மேற்பரப்பு அலைகளும் அந்த அளவுக்கு இருக்காது. ஆழமும் ஒரு துப்பு. நிலநடுக்கங்கள் பெரும்பாலும் பல கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும். அவ்வளவு ஆழத்தில் யார் போய் குண்டு வைப்பது?

வெடித்ததா என்பது ஓரளவு சுலபமான கேள்விதான். எவ்வளவு பெருசு என்பதில்தான் தலைவலி. கெட்டியான பாறை அதிர்வை நன்றாகக் கடத்தும். உலர்ந்த, தளர்வான மண் விழுங்கிவிடும். ஒரே குண்டு, இடத்துக்கு இடம் வேறு அளவு காட்டும்.

நம் போக்ரான் சர்ச்சையும் இதுதான். 1998 மே 11 அன்று வெடித்த ஹைட்ரஜன் குண்டின் திறன் மட்டுமே 45 கிலோ டன் என்றது இந்தியா. அன்றைய எல்லா வெடிப்புகளையும் சேர்த்தாலே அதில் பாதிகூட வராது என்றார்கள் வெளிநாட்டு நில அதிர்வு ஆய்வாளர்கள் பலர். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் வெடித்ததால் அலைகள் ஒன்றையொன்று குறைத்துக்கொண்டன என்பது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பதில். 2009இல், சோதனையில் முக்கியப் பங்கு வகித்த கே.சந்தானமே 'எதிர்பார்த்த திறன் கிடைக்கவில்லை' என்றதும் விவகாரம் மறுபடி வெடித்தது. மே 13 சோதனைகளோ மிகச் சிறியவை. வெளிநாட்டு நிலையங்களில் அவை பதிவாகவே இல்லை.

'இனி சோதனை தேவையில்லை' என்ற நம் நிலைப்பாடே அந்த 45 கிலோ டன் கணக்கை நம்பித்தான் நிற்கிறது. கதிரியக்க ஆய்வு முடிவுகளை முழுசாக வெளியிட்டால் குண்டின் வடிவமைப்பு கசியும் என்கிறார்கள். அது நியாயம். ஆனால், தளத்துக்கு அருகே பதிவான நில அதிர்வில் அப்படிப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அந்த மூலப் பதிவுகள் முழுவதையும் நம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையிலாவது கொடுக்கலாமே?