ஒரு துளியில் ஒரு கிணறு

வன்னி மக்களுக்குக் குளமும் கிணறுமே உயிர்நாடி. நீர் தெளிந்து, நாவுக்கு இதமாயிருந்தால் ஐயமின்றி அருந்துகிறோம். ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் வெளிப்பட்ட சிறுநீரக நோய் அயலிலுள்ள வவுனியாக் கமக்காரரையும் விட்டுவைக்கவில்லை. புளோரைட்டு, நீரின் வன்மை, களைநாசினி எனப் பலவற்றின்மீதும் ஐயம் எழுந்தது. காரணமோ இன்னும் உறுதியாகத் துணியப்படவில்லை. ஐயம் தீரவேண்டுமானால் கிணறு கிணறாக அளந்து பார்த்தல் வேண்டும்.

அளத்தல் எளிதன்று. குடிநீரில் ஒரு கிருமிநாசினி இருக்கத்தக்க அளவு இலீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம் என ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ளது. எட்டு ஏக்கர் அடி நீர் நிறைந்த சிறு குளத்தில் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கரைத்தாற் போன்றது அது! இத்துணை ஐதான பொருளைப் பெரும்பாலான இயந்திரங்கள் நேரே காணமாட்டா. முதலில் அதனைத் திரட்டிக் கொடுத்தல் வேண்டும்.

பழைய முறையில் ஓர் இலீற்றர் நீருடன் இருகுளோரோ மெதேன் என்னும் கரைப்பானை 60 மில்லிலீற்றர் வீதம் மும்முறை சேர்த்துக் குலுக்கிப் பிரித்து, பின்பு அதனை வற்றச் செய்வர். அதன் ஆவி நஞ்சு, செலவும் மிகுதி. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இருபது கிணறுகளுக்கு இருபது பெரிய போத்தல்கள் செல்லவேண்டும்.

இச்சுமையைக் குறைக்கச் சிறு முறைகள் தோன்றின. 1990இல் கனடாவின் வாட்டலூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதரும் பவுலிசினும் மயிரிழை போன்ற சிலிக்கா இழையொன்றைக் கையாண்டனர். பூச்சிட்ட அவ்விழையை நீரில் தோய்த்தால் மாசு அதில் ஒட்டும். இயந்திரத்தின் வெப்பத்தில் விட்டுக் கழலும். கரைப்பானே வேண்டியதில்லை. 2006இல் ஈரானிய இரசாயனவியலாளர் 5 மில்லிலீற்றர் நீரே போதுமெனக் காட்டினர். ஒரு மில்லிலீற்றர் அசற்றோனில் 8 மைக்கிரோலீற்றர் தெத்திராக்குளோரோ எதிலீனைக் கலந்து நீருக்குள் விரைந்து செலுத்தினால், நீர் பால்போற் கலங்கும். மையநீக்கியில் சுழற்றியதும் அடியில் கடுகளவு துளியொன்று தங்கும். எண்ணெய், புகை முதலியவற்றிலிருந்து வரும் ஐதரோக்காபன்கள் அத்துளியிற் குடியேறியிருக்கும்.

ஆனால், எண்ணெயை நாடும் பொருள்களே அத்துளிக்குள் புகும். புளோரைட்டு புகாது, நீரில் எளிதிற் கரையும் களைநாசினியாகிய கிளைபோசேற்றும் புகாது. அவற்றுக்கு வேறு முறைகள் உண்டு. ஆகவே, "ஒன்றும் காணப்படவில்லை" என்ற அறிக்கை கைக்கு வந்ததும் மனம் ஆறிவிடலாகாது. எதனைத் தேடினர், எவ்வளவு சிறிய அளவுவரை தேடினர் என்று கேட்டல் வேண்டும். தேடாத பொருள் ஒருபோதும் அகப்படாதன்றோ?

நீரெடுக்கும் முறையும் முக்கியம். எண்ணெய்த் தன்மையுள்ள மாசுகளைப் பிளாஸ்ரிக் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். அவற்றைத் தேடுவதாயின் தூய கண்ணாடிப் போத்தலே ஏற்றது. வெயில் படாது பனிக்கட்டியில் வைத்து விரைவில் அனுப்புக. எடுத்த நாளையும், அயல் வயலுக்கு இறுதியாக மருந்து தெளித்த நாளையும் எழுதி ஒட்டுக.

2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. விலையுயர்ந்த இயந்திரம் எங்கிருப்பினும், அத்துளியைத் திரட்டும் வேலையை நம் பிள்ளைகள் இங்கேயே செய்யலாம். நம் கிணற்றை நாமே அறிந்துகொள்ள அதுவே முதற்படி.